நிறுத்தத் தெரிந்த கருவி

கேமரா ஃப்ளாஷ், குழந்தைகளின் பொம்மை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சின்ன ரேடியோ என்று விரல் அளவுள்ள ஏஏ செல் நான்கைக் கேட்கும் சாமான்கள் பல வீடுகளில் உண்டு. அவற்றுக்கு ரீசார்ஜ் செல் வாங்கிப் போட்டவர்களுக்கு இது பழக்கமான கதை. தொடக்கத்தில் நன்றாக ஓடும். ஓராண்டு, ஈராண்டு கழித்து, இரவெல்லாம் சார்ஜ் போட்ட பிறகும் மறுநாளே கருவி படுத்துவிடும். ‘செல் போச்சு’ என்று நான்கையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நான்கு வாங்குவோம். அந்த நான்கில் எது போனது, எவ்வளவு போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல வீட்டில் கருவி இல்லை. அந்தப் பதிலைச் சொல்லும் கருவியை, சால்டரிங் பிடிக்கத் தெரிந்த எவரும் எளிய உதிரி பாகங்களைக் கொண்டு செய்துவிடலாம். டிஸ்சார்ஜர் என்று அதற்குப் பெயர். செல்லில் இருக்கும் மின்சாரத்தைச் சீராக வெளியேற்றி, உரிய இடத்தில் நிறுத்துவது அதன் வேலை. இது செல்லுக்கு வைத்தியம் பார்க்கும் கருவி என்பதுதான் பரவலான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பழைய உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இன்றைய வீட்டில் டிஸ்சார்ஜரின் மதிப்பு அளப்பதில்தான் இருக்கிறது என்பதும், அளக்கும் தகுதியை அதற்குத் தருவது சரியாக நிறுத்தத் தெரிந்திருப்பதே என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

வைத்தியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். நிக்கல் காட்மியம் செல்லை ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் 1899இல் உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரீசார்ஜ் செல் என்றாலே அதுதான். பூமியைச் சுற்றிய செயற்கைக்கோள்களில் இந்த பேட்டரிகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு மின்சாரத்தைக் கொடுத்து, மறுபடி நிரம்பின. இப்படித் துல்லியமாக ஒரே அளவில் பலமுறை பயன்பட்ட பேட்டரிகள், அந்த அளவைத் தாண்டிக் கேட்டபோது மின்னழுத்தம் சட்டென்று இறங்கித் தடுமாறின. ‘மெமரி எஃபெக்ட்’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பி வீடுவரை வந்துவிட்டது. ஆனால் வீட்டில் எந்தச் செல்லும் தினமும் ஒரே அளவுக்குக் காலியாவதில்லை. வீட்டு நிக்கல் காட்மியம் செல்லில் நினைவுக் கோளாறு என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் வேறொன்று: தேவைக்கு மேல் நெடுநேரம் சார்ஜரிலேயே கிடந்ததால், உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் படிகங்கள் பெரிதாகி, மின்னழுத்தம் சற்றுத் தணிந்துபோவது. ஒருமுறை முழுதாக வடித்து, மறுபடி ஏற்றினால் இது ஓரளவு சரியாகும். ரிமோட் கார் பந்தயக்காரர்கள் பந்தயம் முடிந்ததும் பேட்டரியைச் சிறு பல்புகளில் வடித்து வைத்த பழக்கத்துக்கும் இதில் ஒரு நியாயம் இருந்தது.

இன்று கடையில் கிடைக்கும் ஏஏ ரீசார்ஜ் செல் அநேகமாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. 1990 வாக்கில் சந்தைக்கு வந்து, காட்மியத்தை மெல்ல ஓரங்கட்டியது. இதிலும் மின்னழுத்தத் தளர்ச்சி உண்டென்றாலும் மிகச் சிறிய அளவில்தான். ஒவ்வொரு முறையும் சார்ஜ் போடுமுன் முழுதாகக் காலி செய்ய வேண்டும் என்ற பழைய விதி இதற்குப் பொருந்தாது. பொருந்தாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. இந்தச் செல்லுக்கு 500 முறை, 1,000 முறை என்று ஒரு சுழற்சி ஆயுள் உண்டு. பாதி தீர்ந்ததை வடித்து, மறுபடி முழுக்க ஏற்றினால் அந்த ஆயுளில் ஒரு பங்கு வீணே கழிகிறது. ஆகவே டிஸ்சார்ஜர் கட்டும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் கைவிட வேண்டியது, அதை அன்றாடம் பயன்படுத்தும் எண்ணத்தை. ஆண்டுக்கு இரண்டு முறை, அல்லது ஒரு செல்லின் மேல் சந்தேகம் வரும்போது பயன்படுத்தினால் போதும். நெடுநாள் சும்மா கிடந்த செல்லுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை முழுதாக வடித்து ஏற்றுவது தூக்கம் கலைக்க உதவும். வைத்தியம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

அப்படியென்றால் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பார்த்துவிட்டால் போதாதா? போதாது. காரணம், இந்தச் செல் மின்சாரத்தைத் தரும் விதம். முழுதாக ஏறிய நிலையில் 1.4 வோல்ட் அளவில் இருக்கும் செல், வேலை தொடங்கியதும் விரைவில் 1.25 வோல்ட் அளவுக்கு வந்து, பிறகு தன் கொள்ளளவின் பெரும்பகுதியைத் தீர்க்கும்வரை 1.2 வோல்ட்டை ஒட்டியே சமதளமாக ஓடுகிறது. கடைசியில், 1.1 வோல்ட்டுக்குக் கீழே, செங்குத்தாக விழுகிறது. அந்தச் சமதளத்தில் எங்கே நிற்கிறோம் என்பதை வோல்ட் மீட்டர் சொல்லாது. அதைவிட முக்கியம், 2,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவில் 700 மட்டுமே மிஞ்சியிருக்கும் கிழட்டுச் செல்லும், சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் புதுச் செல்லைப் போலவே 1.4 வோல்ட் காட்டும். வேலை வாங்காமல் அதன் தரம் தெரியாது. எத்தனை நேரம், எவ்வளவு கரன்ட் கொடுத்தது என்று பார்ப்பது ஒன்றே வழி. செல் உற்பத்தியாளர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். இந்த வகைச் செல்களுக்கான சர்வதேசத் தரநிலைப்படி, கொள்ளளவை ஐந்து மணி நேரத்தில் தீர்க்கும் அளவு கரன்ட்டை இழுத்து, 1.0 வோல்ட் வந்ததும் நிறுத்தி, ஓடிய நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 2,000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு அது 400 மில்லி ஆம்பியர். வீட்டில் கட்டும் டிஸ்சார்ஜர் செய்ய வேண்டியதும் இதே சோதனையைத்தான்.

கரன்ட்டை இழுப்பது மிகச் சுலபம். 3.3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டால், 1.2 வோல்ட்டில் சுமார் 360 மில்லி ஆம்பியர் ஓடும். அதில் உண்டாகும் வெப்பம் அரை வாட்டுக்கும் குறைவு. ஆனாலும் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும், 2 வாட் அல்லது 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போடுவது நல்லது. முழுக் கொள்ளளவுள்ள 2,000 செல் இதில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடும். ‘அவ்வளவுதானே, ஒரு டார்ச் பல்பை மாட்டி அணையும்வரை விட்டால் தீர்ந்தது’ என்று இந்த இடத்தில் தோன்றலாம். அங்கேதான் செல் சாகிறது. 1.0 வோல்ட்டுக்குக் கீழே செல்லில் கிடைப்பதற்கு ஏதும் இல்லை. கெடுவதற்கு மட்டும் நிறைய இருக்கிறது. மூன்று நான்கு செல்லை வரிசையாக மாட்டி வடிக்கும்போது ஆபத்து பல மடங்கு. நான்கில் பலவீனமான செல் முதலில் காலியாகும்; மற்ற மூன்றும் இன்னும் தெம்போடு இருப்பதால், அதே கரன்ட்டைக் காலிச் செல்லின் ஊடாகவும் தள்ளும். அப்போது அதன் முனைகள் தலைகீழாகி, நேர்முனை எதிர்முனையாகிறது. உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி, அழுத்தம் ஏறி, பாதுகாப்புத் துவாரம் திறந்து மின்பகு திரவம் கசிகிறது. மறந்துபோய் ராத்திரி முழுக்க எரியவிட்ட டார்ச்சில் ஒரு செல் மட்டும் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுவே. இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன: ஒரு நேரத்தில் ஒரு செல்லை மட்டுமே வடிக்க வேண்டும், 1.0 வோல்ட்டில் தானாக நிற்க வேண்டும்.

தானாக நிற்க வைப்பதற்குச் சில பாகங்கள் போதும். ஒரு செல்லின் 1.2 வோல்ட்டில் இதற்கான மின்னணு உறுப்புகள் வேலை செய்யாது என்பதால், கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளலாம். டிஎல்431 என்ற சிறு உறுப்பு, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அந்த 5 வோல்ட்டைப் பெற்று, நிலையான 2.5 வோல்ட்டைத் தரும். அதை 15 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டால், 10 கிலோ ஓமின் குறுக்கே மிகச் சரியாக 1.0 வோல்ட் கிடைக்கிறது. இது நமது எல்லைக்கோடு. எல்எம்358 என்ற ஐசி, செல்லின் மின்னழுத்தத்தை இந்த எல்லைக்கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். செல் மேலே இருக்கும்வரை பிசி337 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு கிலோ ஓம் வழியாக மின்சாரம் கொடுத்து, அதன்மூலம் 5 வோல்ட் ரிலே ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். செல் கீழே இறங்கியதும் ரிலேயை விட்டுவிடும். ரிலே விடுபடும்போது அதன் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொல்லாதபடி, சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடை எதிர்த்திசையில் போட வேண்டும். சார்ஜரின் எதிர்முனையும் செல்லின் எதிர்முனையும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பிடுவதற்கே பொது அடிப்படை இருக்காது.

இதில் புதிதாகக் கட்டுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1.0 வோல்ட்டில் சுமையை நீக்கியவுடன் செல் மூச்சு வாங்கி மறுபடி 1.2 வோல்ட் அருகே எழும். ஐசி செல்லை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘இன்னும் மின்சாரம் இருக்கிறது’ என்று நினைத்து ரிலேயை மறுபடி இழுக்கும், உடனே செல் விழும், ரிலே விடும். இப்படிப் படபடவென்று அடித்துக்கொண்டே செல்லை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். இதற்குத் தீர்வு பாகங்களைக் கூட்டுவதில் இல்லை, கம்பியை எங்கே இணைக்கிறோம் என்பதில் இருக்கிறது. செல்லின் நேர்முனையிலிருந்து வரும் கம்பி முதலில் ரிலேயின் தொடர்புக்குள் போகட்டும். அந்தத் தொடர்பைக் கடந்த பிறகு சுமை ரெசிஸ்டரும், ஐசி பார்க்கும் கம்பியும் சேரட்டும். தொடர்புக்குக் குறுக்கே ஒரு புஷ் பட்டன். பட்டனை அழுத்தினால் செல் ஐசியின் கண்ணில் படும், 1.0 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ரிலே பிடித்துக்கொள்ளும், பட்டனை விட்டுவிடலாம். செல் தீர்ந்து ரிலே விட்டதும், ஐசிக்கும் செல்லுக்கும் இடையே தொடர்பே அறுந்துபோகிறது. சுமை ரெசிஸ்டர் அந்தக் கம்பியைப் பூஜ்யத்தில் பிடித்து வைக்கிறது. செல் எவ்வளவு எழுந்தாலும் ரிலே இனி இழுக்காது. மின்வெட்டு வந்தாலும் இதே பாதுகாப்புத்தான்: ரிலே விடும், வடிதல் நிற்கும், மின்சாரம் திரும்பியதும் நாமே பட்டனை அழுத்தித் தொடரலாம். பட்டனை அழுத்தியும் ரிலே பிடிக்கவில்லை என்றால், அந்தச் செல் ஏற்கெனவே காலி அல்லது சுமை தாங்கும் தெம்பு இல்லாதது. அதுவும் ஒரு முடிவே.

இனி நேரத்தை அளக்க வேண்டும். ஐந்தரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க யாராலும் ஆகாது. இரண்டு தொடர்புகள் உள்ள ரிலேயாக வாங்கினால், ஒன்று செல்லை இணைக்கட்டும். மற்றொன்று மலிவான ஒரு குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரத்துக்கும் அதன் சொந்தச் செல்லுக்கும் நடுவே இருக்கட்டும். முள்ளைப் பன்னிரண்டில் வைத்துப் பட்டனை அழுத்தினால், வடிதல் ஓடும் நேரம் மட்டுமே கடிகாரம் ஓடும். நின்ற இடத்தில் முள் நிற்கும். காலையில் வந்து பார்த்தால் 5 மணி 10 நிமிடம் என்று காட்டுகிறதா, 3 மணி 20 நிமிடமா, ஒன்றரை மணி நேரமா என்பது கண்ணெதிரே இருக்கிறது. மணிக்கணக்கை 360ஆல் பெருக்கினால் மில்லி ஆம்பியர் மணி. 3 மணி 20 நிமிடம் என்றால் 1,200. அதாவது 2,000 செல்லில் 60 சதவீதம். சர்வதேசத் தரநிலையின் ஆயுள் சோதனையும், ஐந்து மணி நேரம் தர வேண்டிய செல் மூன்று மணி நேரத்துக்குக் கீழே போகும்போது அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்கிறது. அதே 60 சதவீதக் கோடு நமக்கும் நல்ல அளவுகோல். சோதனைக்கு முன் செல்லை முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இந்தக் கணக்கில் பிழை இல்லையா? இருக்கிறது. ரெசிஸ்டரின் மதிப்பில் ஐந்து சதவீதம் கூடுதல் குறைவு இருக்கும். செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டில் அப்படியே நிற்பதில்லை என்பதால் கரன்ட்டும் கொஞ்சம் மாறும். ஆகவே 1,940 என்றும் 1,960 என்றும் பிரித்துச் சொல்ல இந்தக் கருவியால் முடியாது. ஆனால் நாம் கேட்கும் கேள்வி அவ்வளவு நுணுக்கமானதல்ல. ஒரே கருவியில் நான்கு செல்லையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும்போது, ரெசிஸ்டரின் பிழை நான்குக்கும் பொதுவாகிவிடுகிறது. மூன்று செல் ஐந்து மணி நேரமும் ஒன்று இரண்டு மணி நேரமும் ஓடினால், அந்த வித்தியாசத்தை எந்தப் பிழையும் மறைக்காது. அந்த ஒரு செல்தான் நான்கையும் குப்பைக்கு இழுத்துப் போகவிருந்தது. அதை விலக்கி, ஏறத்தாழ ஒரே நேரம் ஓடும் செல்களை ஒரே கூட்டாக வைத்து, கூட்டின் எண்ணை மார்க்கரால் செல்லின் மேலேயே எழுதிவிட்டால், ஃப்ளாஷுக்கு நல்ல நான்கு, பொம்மைக்கு நடுத்தரமான நான்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒத்த செல்கள் சேர்ந்து ஓடும்போது, ஒன்று முன்கூட்டியே காலியாகித் தலைகீழாகும் வாய்ப்பும் குறைகிறது. கல்யாண வீட்டில் ஃப்ளாஷை நம்பி நிற்கும் புகைப்படக்காரருக்கு இந்தத் தரம் பிரித்தல் வெறும் சிக்கனம் அல்ல, தொழில். சார்ஜ் போட்டு ஒரு மாதம் சும்மா வைத்திருந்து சோதித்தால், செல் தானாக எவ்வளவு இழக்கிறது என்பதும் தெரிந்துவிடும். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் செல்லைக் கொண்டுவந்தபோது, ஓராண்டு கழித்தும் 85 சதவீதம் மிஞ்சும் என்பதையே அதன் சிறப்பாகச் சொன்னது. அப்படிப்பட்ட வாக்குறுதிகளை வீட்டில் வைத்தே சரிபார்க்கலாம்.

‘கொள்ளளவை எண்ணிலேயே காட்டும் சார்ஜர்கள் கடையில் கிடைக்கும்போது இதை ஏன் கட்ட வேண்டும்’ என்ற கேள்வி நியாயமானது. அத்தகைய சார்ஜர் கையில் இருப்பவர்கள் அதையே பயன்படுத்தட்டும். அதுவும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் செல்லோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண சார்ஜர்கள் பலவும் வெறும் ஏற்றும் கருவிகள். அவற்றின் பச்சை விளக்கு ‘சார்ஜ் முடிந்தது’ என்கிறதே தவிர, எவ்வளவு ஏறியது என்று சொல்வதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. எல்லைக்கோடு, ஒப்பீடு, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் ரிலே ஆகிய மூன்றையும் பள்ளி மாணவர் ஒருவர் கையால் கட்டிப் புரிந்துகொண்டால், தண்ணீர்த் தொட்டி மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியும் இன்வெர்ட்டரின் பாதுகாப்புச் சுற்றும் அவருக்கு விளங்கிவிடும். மின்சாரம் வீணாகிறதே என்ற தயக்கம் கணக்குப் பார்த்தால் கரைந்துவிடுகிறது. ஒரு செல்லில் அடங்கியிருப்பது 2.4 வாட் மணி. 70 வாட் மின்விசிறியை இரண்டு நிமிடம் ஓட்டப் போதுமான அளவு. சுழற்சி ஆயுளில் இரண்டு குறைகிறது என்பதும் அப்படியே. நூற்றுக்கணக்கில் இரண்டைக் கொடுத்து, மீதியை நம்பிப் பயன்படுத்தும் தெளிவை வாங்குகிறோம்.

ஒரே ஒரு தடையில் மட்டும் விட்டுக்கொடுப்பு கிடையாது. அது லித்தியம். ஏஏ அளவிலேயே 14500 என்ற பெயரில் 3.7 வோல்ட் லித்தியம் அயான் செல்கள் வருகின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அவற்றை இந்தக் கருவியில் மாட்டினால் 1 ஆம்பியருக்கு மேல் கரன்ட் பாயும். கருவி நிற்கும் 1.0 வோல்ட், லித்தியம் செல் தாங்கும் எல்லைக்கு வெகு கீழே. இரண்டரை வோல்ட்டுக்கும் மிகவும் கீழே இறக்கப்பட்ட லித்தியம் செல்லில், எதிர்முனையின் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. பிறகு சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு உள்ளே இழையாகப் படிந்து, இரு முனைகளையும் இணைத்துத் தீப்பிடிக்கக்கூடும். மொபைல், லேப்டாப், பவர் பேங்க் பேட்டரிகளுக்கும் இதே தடை. 1.5 வோல்ட் என்று அச்சிட்டு விற்கப்படும் லித்தியம் ரீசார்ஜ் செல்கள் உள்ளேயே சிறு மின்சுற்று வைத்து மின்னழுத்தத்தை மாற்றித் தருபவை. அவற்றையும் இதில் மாட்டக் கூடாது. செல்லின் உறையில் 1.2 வோல்ட் என்று இருக்கிறதா, நிக்கல் வகை என்று போட்டிருக்கிறதா என்று படித்த பிறகே பட்டனில் கை வைக்க வேண்டும்.

அளந்து பார்த்து, 60 சதவீதக் கோட்டுக்குக் கீழே போனது என்று தெரிந்த செல்லுக்கும் உடனே குப்பை வழி இல்லை. அதிகக் கரன்ட் கேட்காத சுவர்க் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் அது இன்னும் சில காலம் ஓடும். அங்கும் ஓயும்போது வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். பழைய நிக்கல் காட்மியம் செல் என்றால் இது கட்டாயம், காட்மியம் நஞ்சு. இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தீர்ந்த செல்களைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. அந்தப் பொறுப்பை அவர்கள் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதோடு நம் பக்கத்துக் கடமையும் ஒன்று இருக்கிறது: உயிருள்ள செல்லை இறந்தது என்று சொல்லி அனுப்பாமல் இருப்பது. நான்கில் ஒன்று மட்டும் கெட்டிருக்க நான்கையும் வீசுவது, அளக்காமல் சொன்ன தீர்ப்பு. கெட்ட செல்லை நல்லதோடு சேர்த்து மறுபடி மறுபடி சார்ஜ் போடுவதும் அளக்காமல் வைத்த நம்பிக்கை. ஒரு ரெசிஸ்டர், ஒரு ஐசி, ஒரு ரிலே, ஒரு கடிகாரம் ஆகியவற்றைக் கொண்ட இந்தச் சிறு கருவி, எந்தச் செல்லை வைத்துக்கொள்வது, எதை வேறு வேலைக்கு மாற்றுவது, எதற்கு விடை கொடுப்பது என்ற முடிவுகளை ஊகத்திடமிருந்து வாங்கிக் கணக்கிடம் கொடுக்கிறது. ரீசார்ஜ் செல் வாங்குகிற வீட்டில், சார்ஜருக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் இருப்பதே முறை.